2012ஆம் ஆண்டு பிராசஸரைப் புதிது என்று விற்றது குறித்துப் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

போன மாதம் உங்கள் இணையக் கடையில் 22,500 ரூபாய்க்கு ஒரு டெஸ்க்டாப் வாங்கினேன். ‘கோர் ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, புத்தம் புதியது’ என்று விளம்பரம் செய்திருந்தீர்கள். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளைப் பழகுவதற்காக வாங்கியது. ரப்பர் ஷீட் விற்றுச் சேர்த்த பணம்.

“சித்தப்பா, பார்ட்ஸ் எடுத்து நாகர்கோவில்லயே அசெம்பிள் பண்ணிருவோம்” என்று அண்ணன் மகன் அப்போதே சொன்னான். அவன் போட்டுத் தந்த கணக்கு 27,000 ரூபாய், அதில் கணினியின் மூளையான பிராசஸர் 12ஆம் தலைமுறை ஐ3. ஐ3-ஐவிட ஐ5 பெரியதுதானே, விலையும் குறைவு, கோளாறு வந்தால் ஒரே இடத்தில் கேட்கலாம் என்று நம்பி உங்களிடம் வந்தேன்.

பெரிய வரைபடம் எதைத் திறந்தாலும் கணினி திணறியது. மூன்றாம் நாள் மகள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினாள். பிராசஸர் ஐ5 3470 என்று இருந்தது. 2012இல் வந்த, மூன்றாம் தலைமுறை பிராசஸர். அண்ணன் மகன் சொன்ன ஐ3 இதைவிட மிகவும் வேகமானது என்று இப்போதுதான் தெரிகிறது. விண்டோஸ் 11க்குப் பொருந்தும் பிராசஸர்கள் என்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் மூன்றாம் தலைமுறையே கிடையாது. எப்படியோ ஏற்றித் தந்திருக்கிறீர்கள். ஆக்டிவேட் செய்யச் சொல்லும் எழுத்து திரையின் மூலையில் இன்றும் நிற்கிறது.

கேபினெட்டின் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். வண்ண விளக்குகளுக்குப் பின்னால், பிராசஸர் ஃபேனுக்கு அடியில் தூசி பஞ்சுபோல அடைந்து கிடக்கிறது. மதர்போர்டின் ஸ்க்ரூ தலைகளில் துரு. எங்கள் ஊர் மழை ஈரத்திலும் மூன்று நாளில் அப்படித் துரு ஏறாது. சீலை நான் தொடவில்லை, போட்டோக்கள் இணைத்துள்ளேன்.

ரேமும் டிடிஆர்3 என்ற பழைய வகை. நாளைக்கு பிராசஸரைப் புதியதாக மாற்ற நினைத்தால் போர்டு, ரேம் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அப்புறம் மிஞ்சுவது பெட்டியும் எஸ்எஸ்டியும்தான்.

உங்கள் சேவை எண்ணில் பேசியவர், “ஐ5ன்னுதானே சார் போட்டிருந்தோம்” என்றார். சரி, அது பொய்யில்லை. ஆனால் தலைமுறையையும் மாடல் எண்ணையும் மறைத்ததால்தானே நான் ஏமாந்தேன்? பில்லிலும் ‘டெஸ்க்டாப் 1’ என்று மட்டுமே இருக்கிறது. 3470 என்று ஒரு வரி போட்டிருந்தால் அண்ணன் மகன் பார்த்த உடனே தடுத்திருப்பான்.

கணினியை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 22,500 ரூபாயையும் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். விளம்பரத்திலும் பில்லிலும் பிராசஸர், போர்டு, ரேம் ஆகியவற்றின் மாடலை எழுத வேண்டும், பழைய பாகம் என்றால் பழையது என்றே போட வேண்டும்.

15 நாளில் பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், போட்டோக்கள்