பத்து எழுத்து, பதினெட்டுத் துண்டு: வாசகசாலை முகப்பு எழுத்துத் திருப்பணி நிறைவு அறிக்கை

ஊரில் இருப்பவர்களுக்கும், வேலை நிமித்தம் வெளியூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் தலைக்கட்டுக் குடும்பங்களுக்கும் வணக்கம். வாசகசாலை முகப்பில் எழுத்து ஏறிவிட்டது. ஒரு வாரத்தில் முடியும் என்று சொல்லி வசூல் செய்தோம், நான்கு மாதம் ஆனது. எழுத்துக்கென்று வாங்கிய பணத்தில் பாதிதான் எழுத்துக்குப் போயிருக்கிறது, மீதி சுவருக்குள் போய்விட்டது. அது எப்படி என்று டீக்கடையில் ஆளுக்கொன்று பேசுவதைவிட நாங்களே எழுதிவிடுகிறோம். (வாசகசாலை வேலைக்கு எதற்குத் திருப்பணி என்று பெயர் என்று ஒருவர் கேட்டார். அம்மன் கொடைக்கு அடித்த ரசீதுப் புத்தகத்தில் தாள் மிச்சம் இருந்தது, அதில் அப்படித்தான் அச்சாகி இருக்கிறது. வேறு தத்துவம் ஒன்றும் இல்லை.)

1956இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகு வந்த உற்சாகத்தில் நம் பாட்டாமார் கட்டிய கட்டிடம் இது. அப்போது கொத்தனாரே சாந்தைக் குழைத்துச் சுவரில் புடைப்பாகச் செதுக்கிய எழுத்துகள் இருந்தன. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது அயினி மரக் கொப்பு முறிந்து முகப்பில் விழுந்ததில் பாதி எழுத்து போனது. அதற்கு மேல் ஃப்ளெக்ஸ் கட்டினோம். அது ஒவ்வொரு ஆடிக் காற்றிலும் கிழிய, நாம் ஒவ்வொரு ஆவணியிலும் மாற்றிக்கொண்டிருந்தோம். கருங்கல்லில் வெட்டி வைக்கலாமே, கடலுக்குள் 133 அடி வள்ளுவரே கல்லில்தானே நிற்கிறார் என்று கூட்டத்தில் ஒரு அண்ணன் கேட்டார். வள்ளுவர் பாறை மேல் நிற்கிறார் அண்ணே, நமது எழுத்து பழைய செங்கல் சுவரில் தொங்க வேண்டும். எனவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று முடிவானது.

என்ன ஸ்டீல் என்பதில்தான் முதல் சண்டை. ரகத்துக்கு ஒரு எண் உண்டு: கடைகளில் வழக்கமாகத் தருவது 304, மலிவாக வேண்டுமென்றால் 202. நமக்குக் கடல் நடந்து போகிற தூரம். உப்புக்காற்றில் 304 ஓட்டை விழுந்து போகாவிட்டாலும் தேயிலைக் கறைபோல் பழுப்புப் பிடிக்கும், 202 அதற்கும் முன்பே துருவேறும். 316இல் இரண்டிலிருந்து மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை அது தாங்கும். விலை கூட. நம் ஆள் ஒருவர் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் வரைக்கும் வந்தார், ஒட்டினால் போலி என்று. காந்தம் 202இலும் ஒட்டாது, 304இலும் ஒட்டாது, 316இலும் ஒட்டாது. கடைசியில் துளி மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனையைச் செய்து காட்டச் சொல்லித்தான் தகட்டை ஏற்றுக்கொண்டோம்.

அப்புறம் என்ன எழுதுவது. பழைய சுவரில் 'ஊர் பொது வாசகசாலை' என்று ஒற்று இல்லாமல் இருந்தது. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் சார், ப் போடாமல் ஏற்றினால் அந்த வழியாகவே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பதினெட்டு அங்குல உயரம், ஒரு எழுத்துக்கு அங்குலத்துக்கு 250 ரூபாய் என்று பேச்சு, ஆக ஒரு ஒற்றின் விலை 4,500 ரூபாய். சார் தம் பங்குக்கு மேல் ஒரு பைசா தரவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம், கோபமில்லாமல். 'ஊர்ப் பொது வாசகசாலை', பத்து எழுத்து, 45,000.

கடைக்காரர் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாளே கூப்பிட்டார். பத்து இல்லை சார், பதினெட்டு என்றார். அவர் சொன்னதும் சரிதான். ஊ என்றால் உ தனி, அதன் பக்கத்துச் சின்ன ள தனி. ர்-க்கும் ப்-க்கும் புள்ளி தனித்தனி. பொ மூன்று துண்டு. வா, சா, லை இரண்டிரண்டு. எண்ணிப் பாருங்கள், பதினெட்டு வரும். ஒவ்வொரு துண்டுக்கும் தனியே விளிம்புத் தகடு மடக்கி வெல்டு வைத்து, பின்னால் சுவரில் சொருகும் கம்பி, அதாவது ஸ்டட், வைக்க வேண்டும். எழுத்துக் கணக்கு பேசியது பேசியதுதான் என்று நாங்கள் பிடித்த பிடியில், கடைசியில் கூடுதலாக 4,000 ரூபாயோடு முடித்தோம்.

இந்த இடத்தில் லை பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய சுவரில் யானைத் தும்பிக்கை போல் சுழித்த பழைய லை இருந்தது. அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தது 1978இல், நம் கட்டிடம் அதற்கு முந்தியது. மூத்தவர்கள் சிலர் அந்த லைதான் வேண்டும் என்றார்கள், அதில் ஒருவர் "பழையது ஒரே துண்டுடே, காசும் மிச்சம்" என்று கணக்கும் சொன்னார். எங்களுக்கும் மனசு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் கடைக்காரரிடம் இருந்த எழுத்துருவில் அந்த லை இல்லை, கையால் வரைந்து கொடுத்ததில் மற்ற ஒன்பது எழுத்தோடு அது ஒட்டவே இல்லை. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அதைப் படிக்கத் தெரியாமல் நின்றதையும் பார்த்தோம். புதிய லையே போட்டாயிற்று.

சுவருக்கு வருவோம். எழுத்தை ஏற்றுவதற்கு முன்னால் சுவரில் ஒட்டிப் பார்க்க முழு அளவில் காகித டெம்ப்ளேட் அச்சடித்துத் தந்தார்கள், துளை வரவேண்டிய இடமெல்லாம் அதில் குறித்திருக்கும். ஒட்டுவதற்கு முன் கொத்தனார் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். இரண்டடிக்கு ஒரு இடத்தில் 'டொப்' என்றது. சாந்துப் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்து, வெள்ளையடித்த பலத்தில் நின்றுகொண்டிருக்கிறது. ஒன்றரை அங்குலப் பூச்சு, அதில் துளைபோட்டு ஸ்டட் சொருகினால் எழுத்து பூச்சைப் பிடித்திருக்கும், பூச்சு யாரைப் பிடித்திருக்கும்? மேற்குப் பார்த்த சுவர், தென்மேற்குப் பருவமழை நேரே வந்து அறைகிற இடம் வேறு. முகப்பு முழுக்க உரித்துப் பூசினோம், ஏழு நாள் நனைத்தோம், காயவிட்டோம். அதுதான் 21,500. பணம் சுவருக்குள் போனது என்றோமே, அது இதுதான். வேண்டாத செலவு என்று சொல்பவர்கள் உரித்தபோது விழுந்த சாந்தைப் பார்த்திருக்க வேண்டும், இரண்டு டெம்போ.

டெம்ப்ளேட்டை ஒட்டிவிட்டுச் சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தோம். 'ஊர்ப் பெரது வரசகசரலை' என்று இருந்தது. கடையில் துணைக்காலைத் தனித் துண்டாக வெட்டியதால் தனி எழுத்தாகவே நினைத்து எல்லா இடைவெளியையும் ஒரே அளவில் வைத்துவிட்டார்கள். கால் அதன் எழுத்தைவிட்டு இரண்டு அங்குலம் தள்ளி நின்றால் அது கால் இல்லை, ர. காகிதத்தில் கண்டுபிடித்ததால் பிழைத்தோம். துண்டு துண்டாக வெட்டி, டேப் வைத்து அளக்காமல் கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்தி ஒட்டினோம், ஒரு முழுச் சாயங்காலம் போனது. ஊரில் பாதிப்பேர் எதிரே நின்று 'இன்னும் இடப்பக்கம்' என்று கத்தியதில் உருப்படியான யோசனையும் இருந்தது.

மட்டத்தில் இன்னொரு சிக்கல். தண்ணீர் டியூப் மட்டம் பிடித்துச் சரியாக நூல் கட்டினால், எழுத்து வரிசை கோணலாகத் தெரிந்தது. உண்மையில் கோணல் மேலே இருக்கும் சன்ஷேடு, 28 அடி நீளத்தில் ஒன்றரை அங்குலம் தெற்கே சரிந்திருக்கிறது, இத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லை. எழுத்தைச் சன்ஷேடோடு சேர்த்துப் பாதி சாய்த்து வைத்தோம். ரசமட்டத்தோடு வந்து சோதிக்க நினைப்பவர்கள் வரவேண்டாம், தெரிந்தே செய்தது.

துளை எல்லாம் 8 மி.மீ., செங்கல்லுக்குள் மூன்று அங்குலம். துளைத்த தூளைப் பிரஷ் விட்டுத் தேய்த்து ஊதி எடுத்த பிறகுதான் ஸ்டட்டைப் பிடித்து நிறுத்தும் கெமிக்கல் ஆங்கர் பசையை நிரப்ப வேண்டும், தூள் இருந்தால் பசை தூளைத்தான் பிடிக்கும். ஏற்ற வந்த பையன்கள் முதல் நாலு துளையில் ஊதவே இல்லை, நின்று பார்த்ததால் தெரிந்தது. கொண்டுவந்த நட்டும் சாதா இரும்பு, திருப்பி அனுப்பி 316இலேயே வாங்க வைத்தோம். சுவரோடு ஒட்டாமல் ஒரு அங்குலம் தள்ளி நிற்கும்படி ஸ்பேசர் போட்டிருக்கிறது. மழைத் தண்ணீர் பின்னால் தேங்காமல் வடியும், வெயிலில் நிழலும் விழும். உள்ளே எல்.இ.டி. வைக்காதது ஏன் என்று கேட்கிறார்கள். உப்பும் ஈரமும் இருக்கிற இடத்தில் இரண்டு வருடத்தில் 'ஊ' மட்டும் எரியும் போர்டு ஆகிவிடும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

எங்கள் தவறுகள் இரண்டு. புள்ளிக்கு ஒரு ஸ்டட் போதும் என்று ஒப்புக்கொண்டோம், மூன்று அங்குல வட்டம்தானே என்று. பத்தாவது நாள் காற்றில் ர்-இன் புள்ளி ஆடி ஆடிக் கழன்று விழுந்து, இரண்டு நாள் 'ஊரப் பொது' என்று நின்றது. இப்போது இரண்டு புள்ளிக்கும் இரண்டிரண்டு ஸ்டட். ஆக மொத்தம் 52 துளை. இரண்டாவது, கேட்டுக்குக் கீல் மாற்ற வந்தவர் எழுத்துக்குக் கீழேயே கிரைண்டரில் இரும்பு அறுத்ததை யாரும் தடுக்கவில்லை. தெறித்த இரும்புப் பொறி ஒட்டி, ஒரு வாரத்தில் 'து' முழுக்கத் துருப்புள்ளி. ஸ்டீல் போலி என்று அன்று கிளம்பிய வதந்திக்குக் காரணம் அதுதான். சிட்ரிக் அமிலக் கரைசல் தடவி, நைலான் நாரால் தேய்த்துக் கழுவியதும் போய்விட்டது.

கணக்கு: 112 தலைக்கட்டில் 103 பேர் 750 வீதம் 77,250. வெளிநாட்டில் இருப்பவர்கள் சேர்ந்து அனுப்பியது 20,000. வரவு 97,250. செலவில் எழுத்து 49,000, பூச்சு 21,500, பெயிண்ட் 9,350, ஏற்றுக்கூலி 7,000, பசையும் துளைபோடும் பிட்டும் 4,800, சாரம் வாடகை 3,200, டீயும் பழம்பொரியும் 1,180. மொத்தம் 96,030. கையிருப்பு 1,220. பாக்கி ஒன்பது தலைக்கட்டு யார் என்று அவர்களுக்கே தெரியும்.

மாதம் ஒருமுறை ஓஸ் பிடித்து நல்ல தண்ணீரால் எழுத்தைக் கழுவ வேண்டும், உப்பு படியவிட்டால் 316க்கும் கறை வரும். கம்பி நார், பிளீச்சிங் பவுடர் இரண்டும் கூடவே கூடாது. உடைந்த பழைய சாந்து லையில் பாதி, உரித்தபோது முழுசாகக் கிடைத்தது. அதை யாரோ எடுத்துப்போய்த் தென்னை மூட்டில் அணைகல்லாக வைத்திருப்பதாகக் கேள்வி, திருப்பித் தந்தால் உள்ளே அலமாரியில் வைப்போம். டெம்ப்ளேட் தாளைச் சுருட்டி பீரோ மேல் வைத்திருக்கிறோம், ஏதாவது எழுத்து கழன்றால் துளை எங்கே என்று அதுதான் சொல்லும். தயவுசெய்து சக்கைப்பழம் (பலாப்பழம்) வெட்ட விரிப்பதற்கு அதை எடுக்க வேண்டாம், ஏற்கெனவே 'ஊ' இருந்த முனை முழுக்கப் பிசின்.