ரவையும் கோதுமைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் சமையல் பக்கத்தில், கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று ‘குளூட்டன் இல்லாத ஆப்பிள் கேக்’ குறிப்பைப் போட்டிருந்தீர்கள். படித்ததும் பதறிப்போய் இதை எழுதுகிறேன். அதில் மைதா இல்லை, சரி. ஆனால் இரண்டு கோப்பை ரவை இருக்கிறது. ரவை என்பது உடைத்த கோதுமை. நம் வீடுகளில் பூஜைக்கும் கல்யாணத்துக்கும் சோஜி கிண்டுகிறோமே, அதே பொருள். மைதாவில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் அதிலும் இருக்கிறது.

என் பேத்திக்கு ஒன்பது வயது. மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தது. அதுவரை வயிறு உப்பும், ரத்தம் குறையும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டவே ஒட்டாது. பிள்ளை தேறட்டும் என்று நெய் தடவிய ரொட்டியாக ஊட்டினேன். அந்த ரொட்டிதான் அவளை வாட்டியிருக்கிறது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களின் குளூட்டன் உள்ளே போனால், இந்த நோய் உள்ளவர்களின் எதிர்ப்புச் சக்தி அவர்களுடைய சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. ஆயுள் முழுக்கப் பத்தியம் இருப்பதுதான் வழி. கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தர விதிப்படி, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுதக் கூடாது. உங்கள் கேக்கின் ஒரு துண்டிலேயே அது கிராம் கணக்கில் வந்துவிடும்.

எங்கள் மருமகள் வேதக்காரக் குடும்பத்துப் பெண். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் மத்தியானச் சாப்பாடு அவள் அம்மா வீட்டில்தான். பிரியாணி முடிந்ததும், மாவு ஓட்டுக்குள் ஆப்பிளை வைத்துச் சுட்ட ஆப்பிள் பையும் கஸ்டர்டும் வரும். நோய் தெரிந்த முதல் வருஷம், மற்றப் பிள்ளைகள் பை சாப்பிட, இவள் ஒரு கிண்ணம் ஜெல்லியோடு உட்கார்ந்திருந்தாள். “ஆயா, உள்ளே இருக்கிற ஆப்பிளை மட்டும் எடுத்துச் சாப்பிடட்டுமா?” என்று கேட்டாள். மாவு ஒட்டியிருக்கும் என்று நான் கொடுக்கவில்லை. அடுத்த வருஷத்துக்குள் அவளுக்கென்று ஒன்று கற்றுக்கொண்டேன்.

முதலில் அரிசி மாவில் பை செய்துபார்த்தேன். தேய்க்கும்போதே விண்டு விண்டு போனது. மாவை இழுத்துப் பிடிப்பதே குளூட்டன்தானே! பிறகு, பழத்தின் மேல் உதிரி மாவைத் தூவிச் சுடும் கிரம்பிளுக்கு மாறினேன். அதற்கு மாவு உதிர்ந்தால் போதும். கிரானி ஸ்மித் என்ற பச்சைப் புளிப்பு ஆப்பிள் ஆறைத் தோல் சீவிப் பருமனாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு, இரண்டு கரண்டி சர்க்கரை, பட்டைத்தூள், இரண்டு கிராம்பின் பொடி சேர்த்துத் தட்டில் பரப்புங்கள். 150 கிராம் அரிசி மாவு, 75 கிராம் பாதாம் பொடி, 100 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இவற்றோடு 100 கிராம் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் பிசறுங்கள். புட்டு மாவுப் பதம் வர வேண்டும். பாதாமை விட்டுவிடாதீர்கள், வெறும் அரிசி மாவு பல்லில் நறநறக்கும். மேலே தூவி 180 டிகிரியில் 40 நிமிஷம். நம் தென்னாப்பிரிக்காவின் கிராபோ, சீரஸ் பக்கத்துத் தோட்டங்களில் ஏப்ரல் வாக்கில் பறித்துக் குளிர்அறையில் வைத்த ஆப்பிள்தான் டிசம்பரில் கடைக்கு வரும். அதனால் அழுத்திப் பார்த்துக் கெட்டியானதாக வாங்குங்கள்.

ஓட்ஸ் தூவலாமா என்று பலர் கேட்கிறார்கள். வயலிலும் ஆலையிலும் ஓட்ஸோடு கோதுமை கலந்துவிடுகிறது. பொட்டலத்தில் குளூட்டன் இல்லை என்று எழுதியிராவிட்டால் வேண்டாம். கஸ்டர்ட் பவுடர் பெரும்பாலும் சோள மாவுதான், அதையும் படித்துவிட்டே வாங்குங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதுண்டு. சாம்பார் வைக்கும் வீட்டில் இது யாருக்குத் தோன்றும்? மைதா சலித்த சல்லடை, பை வெட்டிய கத்தி, பையைத் தொட்டுவிட்டுக் கஸ்டர்டில் போட்ட கரண்டி எல்லாவற்றையும் தனியாக வையுங்கள். நான் அவள் தட்டை முதலில் சுட்டு, மூடி, உயரத்தில் வைத்துவிடுவேன். போன வருஷம் அந்தக் கிரம்பிளை எல்லாப் பிள்ளைகளுமே கேட்டு வாங்கினார்கள். இந்த வருஷம் இரண்டு தட்டு.

25ஆம் தேதிக்கு முன் வரும் இதழிலேயே திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதே சமையல் பக்கத்தில், குறிப்பு வந்த அதே அளவு எழுத்தில் வரட்டும். வேறெங்காவது மூலையில் போட்டால், அந்தக் குறிப்பை வெட்டி வைத்திருப்பவர்கள் கண்ணில் படாது.

இப்படிக்கு,
ஓர் ஆயா,
சாட்ஸ்வொர்த், டர்பன்