ஜிஎம்பி இருக்கிறது, லிப்ஜிஎம்பி-டெவ் இல்லை: கணினி மையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினி மைய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சேஜ்மேத் என்ற கட்டற்ற கணித மென்பொருளை சோர்ஸிலிருந்து (அதாவது அதன் மூல நிரலிலிருந்து) கம்பைல் செய்யத் தேவையான பேக்கேஜ்களை ஆய்வகக் கணினிகளில் போட்டுத் தரும்படி நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தை, ‘ஜிஎம்பி ஏற்கெனவே எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது’ என்ற ஒற்றை வரியோடு முடித்து வைத்திருக்கிறீர்கள். பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். எனவே அந்த வரியிலிருந்தே தொடங்குகிறோம்.

மிகப் பெரிய எண்களைக் கணக்கிடும் லைப்ரரியான ஜிஎம்பி இருக்கிறது, உண்மை. ஜிசிசி கம்பைலருக்கே அது வேண்டும் என்பதால் அது இல்லாமல் போக வழியில்லை. ஆனால் அங்கே இருப்பது லிப்ஜிஎம்பி10. ஏற்கெனவே கம்பைல் ஆன புரோகிராம்கள் ஓட அது போதும். புதிதாக ஒன்றைக் கம்பைல் செய்ய, லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஜிஎம்பி.ஹெச் என்ற ஹெடர் ஃபைல் வேண்டும். புரோகிராமை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கர் தேடுகிற லிப்ஜிஎம்பி.எஸ்ஓ என்ற பெயரும் வேண்டும். இவை இரண்டையும் உபுண்டு லினக்ஸ் தனியாக லிப்ஜிஎம்பி-டெவ் பேக்கேஜில் வைத்திருக்கிறது. நாங்கள் கேட்டது அதைத்தான்.

இந்த ஒரு பேக்கேஜ் இல்லாததால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கம்பைல் செய்வதற்கு முன் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் சேஜ்மேத்தின் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஜிஎம்பி.ஹெச்சைத் தேடும். கிடைக்கவில்லை என்றால் எர்ரர் கொடுத்து நிற்காது. ‘தகுந்த சிஸ்டம் பேக்கேஜ் இல்லை, நானே கம்பைல் செய்துகொள்கிறேன்’ என்று குறித்துக்கொண்டு மேலே போய்விடும். அடுத்து எம்பிஎஃப்ஆரைப் பார்க்கும். மிதவைப் புள்ளிக் கணக்குகளுக்கான எம்பிஎஃப்ஆர் லைப்ரரி ஜிஎம்பியின் மேல் நிற்பது. ஜிஎம்பியையே சிஸ்டத்திலிருந்து எடுக்காதபோது எம்பிஎஃப்ஆரை மட்டும் அங்கிருந்து எடுத்தால், ஒரே புரோகிராமுக்குள் இரண்டு ஜிஎம்பி பிரதிகள் புகுந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் லிப்எம்பிஎஃப்ஆர்-டெவ் ஒழுங்காக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடும். இதே காரணத்தால் எம்பிசி, என்டிஎல், ஃபிளிண்ட், இசிஎம், பாரி, சிங்குலர் என்று ஜிஎம்பியைச் சார்ந்த கணித மென்பொருள்கள் எல்லாவற்றையும் வரிசையாக ஒதுக்கும். சில எம்பி அளவுள்ள ஒரு பேக்கேஜ் இல்லாமல் போனதற்காக எண்கணித லைப்ரரிகள் அத்தனையும் முதலிலிருந்து கம்பைல் ஆகின்றன. ஒரு மாணவருக்கு மட்டும் அல்ல, ஒவ்வொரு மாணவருக்கும், ஒவ்வொருவரின் ஹோம் டைரக்டரியிலும் தனித்தனியாக. ஒரு முழு பில்டு (எல்லாவற்றையும் கம்பைல் செய்து முடிப்பது) பத்து ஜிபி வரை கேட்கும். டிஸ்க் கோட்டா நிரம்பிப் பாதியில் நின்றால் லாக்ஸ் ஃபோல்டரில் ‘டிஸ்க் கோட்டா தாண்டிவிட்டது’ என்ற வரி மட்டும் இருக்கும்.

எண் கோட்பாட்டு மென்பொருளான பாரியின் கதை இன்னும் மோசம். லிப்பாரி-டெவ்வும் பாரி-ஜிபியும் இருந்தால் மட்டும் போதாது. பாரி-எல்டேட்டா, பாரி-கால்டேட்டா, பாரி-கால்போல், பாரி-சீடேட்டா ஆகிய நான்கு தரவுப் பேக்கேஜ்களும் வேண்டும். நீள்வட்ட வளைகோடு 11a1-ஐ ஏற்றச் சொல்லி கான்ஃபிகர் சோதித்துப் பார்க்கும். அந்த வளைகோட்டின் தரவு இருக்கும் எல்டேட்டா இல்லாவிட்டால் அந்தச் சோதனை தோற்று, பாரி முழுவதையும் சோர்ஸிலிருந்து எடுக்கும். லிப்ரீட்லைன்-டெவ் இல்லாவிட்டாலும் இதே முடிவுதான். ஃபோர்ட்ரான் மொழியின் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான் இல்லாவிட்டால் அதைவிட மோசம். ஓப்பன்பிளாஸ், சைபை ஆகிய லைப்ரரிகளுக்கு ஃபோர்ட்ரான் வேண்டும் என்பதால், ஜிசிசியின் சோர்ஸை இறக்கி ஃபோர்ட்ரான் கம்பைலரையே கட்டத் தொடங்கிவிடும். அந்த ஒன்றுக்கே மணிக்கணக்கில் ஆகும்.

கான்ஃபிகர் முடிந்ததும், எந்தெந்த பேக்கேஜ்களைப் போட்டால் நேரம் மிச்சமாகும் என்று, அவற்றை நிறுவும் ஏப்டி-கெட் கட்டளையோடு திரையில் காட்டும். அந்தக் கட்டளை, நிர்வாகி உரிமையில் ஓட்டும் சூடோவில் தொடங்குகிறது. சூடோ எங்களிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. அந்த வரியை அப்படியே நகலெடுத்துத்தான் விண்ணப்பத்தோடு இணைத்திருந்தோம். அதை யாராவது படித்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

எனவே மீண்டும் கேட்கிறோம்: லிப்ஜிஎம்பி-டெவ், லிப்எம்பிஎஃப்ஆர்-டெவ், லிப்எம்பிசி-டெவ், லிப்என்டிஎல்-டெவ், லிப்ரீட்லைன்-டெவ், லிப்ஓப்பன்பிளாஸ்-டெவ், லிப்பாரி-டெவ், பாரி-ஜிபி, மேலே சொன்ன நான்கு பாரி தரவுப் பேக்கேஜ்கள், ஜிஃபோர்ட்ரான், எம்4, பிகேஜி-கான்ஃபிக். எல்லாம் உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருப்பவை. ஃபிளிண்ட்டை இப்போதைக்கு விட்டுவிடுகிறோம். உங்கள் கணினிகளில் இருப்பது உபுண்டு 22.04, அதில் உள்ளது ஃபிளிண்ட்டின் இரண்டாம் வரிசைப் பதிப்பு. எங்களுக்கு வேண்டிய, ஆர்ப் லைப்ரரியையும் தனக்குள் சேர்த்துக்கொண்ட ஃபிளிண்ட் 3 வெளிவந்தது 2023இல். அதை நாங்களே கம்பைல் செய்துகொள்கிறோம்.

பாதுகாப்பு பற்றிய தயக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். டெவ் பேக்கேஜ்களில் இருப்பவை பெரும்பாலும் ஹெடர் ஃபைல்களும் லிங்க் செய்வதற்கான லைப்ரரிகளும். அவை எந்த சர்வீஸையும் ஓட்டுவதில்லை, எந்த போர்ட்டையும் திறப்பதில்லை. கம்பைலரை ஏற்கெனவே கொடுத்திருக்கும் கணினியில் ஹெடர் ஃபைலை மறுப்பதால் பாதுகாப்பு எதுவும் அதிகரிக்காது.

‘கோண்டா பயன்படுத்துங்கள்’ என்பது இன்னொரு பதில். நிர்வாகி உரிமை இல்லாமலே பேக்கேஜ்களைப் போட உதவும் கருவி அது. அதிலும் சேஜ்மேத் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சேஜ்மேத்தின் உள்ளேயே திருத்தம் செய்து பார்ப்பவர்களுக்கு சோர்ஸ் பில்டு வேண்டும். தவிர, லாகின் செய்ததுமே கோண்டாவின் பேஸ் சூழல் எல்லோருக்கும் தானாகத் திறக்கும்படி வைத்திருக்கிறீர்கள். அதனால் கான்ஃபிகர் சில லைப்ரரிகளைக் கோண்டாவிலிருந்தும் சிலவற்றை சிஸ்டத்திலிருந்தும் எடுத்துக் குழப்பி, கடைசியில் லிங்க் ஆகும் இடத்தில் உடைகிறது. அந்தத் தானியங்கித் திறப்பையும் நிறுத்திவிடுங்கள்.

விலை கொடுத்து வாங்கும் கணித மென்பொருளின் உரிமத்தை ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிக்கிற நிறுவனம் இது. அதன் உரிமம் முடிவதற்குள் நினைவூட்டல் அனுப்ப ஆள் இருக்கிறது. யாரும் பணம் கேட்காத மென்பொருளுக்கு ஒரு கட்டளை தட்ட ஆள் இல்லை என்பது மனதை வருத்துகிறது. கட்டற்ற மென்பொருளில் ஆய்வு செய்பவர்களும் உங்கள் மாணவர்கள்தான்.

காலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பில்டு தொடங்கிய பிறகு பேக்கேஜ்களைப் போட்டால் பயன் குறைவு. ஒருமுறை சேஜ்மேத் தானே கம்பைல் செய்துவிட்ட ஜிஎம்பியை, பிறகு சிஸ்டத்தில் டெவ் வந்தாலும் அது விடாது. ‘மேக் டிஸ்ட்கிளீன்’ கொடுத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். அதனால் விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

போட்ட பிறகு ஏதாவது ஒரு கணினியில், புதிதாக இறக்கிய சோர்ஸில், கோண்டா இல்லாமல், கான்ஃபிகருக்கு ‘--வித்-சிஸ்டம்-ஜிஎம்பி=ஃபோர்ஸ்’ என்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அப்படிக் கொடுத்தால் ஜிஎம்பி கிடைக்காதபோது அது மௌனமாக மேலே போகாமல் அங்கேயே நின்றுவிடும். நிற்காமல் முடிந்தால், ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், என்டிஎல் ஆகிய மூன்றின் எதிரேயும் ‘சிஸ்டம் பேக்கேஜ் பயன்படுத்தப்படுகிறது’ என்ற பொருளில் வரி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பத்தை முடித்து வையுங்கள். அருகில் இருந்து சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
கணிதத் துறை ஆய்வு மாணவர்கள்