நமது மன்றத்தின் 2025–26ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். நீல டிக் விழுகிறதா என்று பார்க்கப்படும்.

செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. சில மாதங்களில் போதிய உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) சேராமல் கலைந்தது. சுதந்திர தினக் கொடியேற்றம், மாணவர் கட்டுரைப் போட்டி, பொங்கல் விழா ஆகியவை வழக்கம்போல் இனிதே நடந்தேறின.

இவ்வாண்டின் முக்கியப் பணி ‘கல் முதல் கான்கிரீட் வரை’ என்ற கட்டடக்கலைப் பயணத் தொடர். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மன்றப் பணத்தில் செயலாளர் ஊர் சுற்றுகிறார் என்ற பேச்சு என் காதுக்கும் எட்டியிருக்கிறது.

கட்டடக்கலை வரலாறு என்றால் பிரமிடு, தாஜ்மகால் என்று போக வேண்டியதில்லை. நம் விழுப்புரம் மாவட்டத்தையும் பக்கத்துப் புதுச்சேரியையும் வைத்தே வரலாற்றுக்கு முந்தைய காலத்திலிருந்து 20ஆம் நூற்றாண்டு வரை கோத்துவிடலாம் என்பது என் வாதம். உடையாநத்தம் விசிறிப்பாறையில் தொடங்கினோம். இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் ஒரு பலகைக் கல்லை மனித உருவமாகச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள் பெருங்கற்கால மக்கள். அவர்கள் குடியிருந்த வீடுகள் மண்ணோடு போயின; செத்தவர்களுக்கு நட்ட கல் நிற்கிறது.

அடுத்து செஞ்சி சாலையில் மண்டகப்பட்டு குடைவரைக் கோயில். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) எடுப்பித்த கோயில் என்று கல்வெட்டே பெருமையடித்துக்கொள்கிறது. அப்படியென்றால் அதுவரை கோயில் எதனால் எழும்பியது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. கீழும் மேலும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை என்று தூண்கள். கூட வந்த மேஸ்திரி ஒருவர், “பாரத்தை மலையே தாங்குதே, இவ்வளவு தடியா தூண் எதுக்கு சார்?” என்று கேட்டார். முனைவர்கள் பேசும் கருத்தரங்கில்கூட இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. மரத்தில் கட்டிப் பழகிய கை, கல்லுக்கு மாறிய பிறகும் பழக்கத்தை விடவில்லை என்பதுதான் பதில். பின்னால் வந்த பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்துப் பனமலைக் கோயிலில் பாறையைக் குடையாமல், வெட்டிய கல்லை அடுக்கியே விமானம் எழுப்பிவிட்டார்கள்.

செஞ்சிக்குப் போனபோது கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது (மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில், ஜூலை 2025). எல்லோரும் ராஜகிரி ஏறி செல்ஃபி எடுத்தார்கள். கீழே களஞ்சியத்தைப் பார்க்கக் கூப்பிட்டால், “கோயில் காட்டினா சனம் வரும், நெல் கொட்டின இடத்தைப் பார்க்க யார் வருவா?” என்றார் செயற்குழுவிலேயே ஒருவர். ஐயா, கல் உத்திரம் நீண்டால் நடுவில் விரிசல் விடும். அதனால்தான் நம் மண்டபங்களில் காலடிக்கு ஒரு தூண். வளைவோ பாரத்தைப் பக்கச் சுவருக்குத் தள்ளிவிடும். களஞ்சியத்தின் வளைவுக் கூரையும் அதன் சுவர்த் தடிமனும் இதை அங்கேயே காட்டுகின்றன.

கடைசியாகப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது, 1930களின் கடைசியில் பணி தொடங்கியது. இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் இந்தியாவில் எழுந்த முன்னோடி நவீனக் கட்டடங்களில் ஒன்று. சன்னல் என்று தனியாக இல்லை. வடக்கு, தெற்கு முகம் முழுவதும் திறந்து மூடும் கிடைப்பலகைகள். வெயில் நிற்கிறது, காற்று நுழைகிறது. முன் அனுமதி வாங்கித்தான் பார்க்க முடியும். அந்த அனுமதிக்கு அலைந்தது யார் என்பதைச் செயற்குழு அறியும். அன்றைக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் காலையில் போனை எடுக்கவில்லை. வேன் வாடகை மட்டும் முழுசாகப் போயிற்று.

கணக்கு விவரம் பொருளாளர் படிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. கையிருப்பு திருப்திகரம் என்று சொல்ல இயலாது. சந்தா நிலுவை மூன்றாண்டுக்கு மேல் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள் என்பதைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

வரும் ஆண்டில் நம் ஊர் மெட்ராஸ் டெரஸ் வீடுகளை அளந்து பதிவு செய்ய விருப்பம். தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கலைச் சாய்வாகக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் பிடித்து, செங்கல் ஜல்லி போட்டுத் தட்டி, மேலே தட்டையான ஓடு பதித்த மாடிகள் அவை. இடிப்பதற்கு முன் ஒருநாள் எங்களை உள்ளே விட்டால் போதும். டேப்பும் கேமராவும் எங்களுடையது. காபி உங்கள் விருப்பம். செயலாளர் பொறுப்பில் தொடர எனக்குத் தனிப்பட்ட ஆசை எதுவும் இல்லை. இளைஞர்கள் வரட்டும். ஆனால் பாதியில் நிற்கும் இந்த வேலையின் நோட்டுகளும் படங்களும் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன என்பதையும் பொதுக்குழு கவனத்தில் கொள்ள வேண்டும்.

கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், பத்திரமாகக் கொண்டுசேர்த்த வேன் ஓட்டுநருக்கும், மேஸ்திரி ஐயாவுக்கும் மன்றத்தின் நன்றி. விதிப்படி நிலுவை இல்லாதவர்களே இன்றைய தேர்தலில் வாக்களிக்கலாம். பொருளாளர் வாசலருகே ரசீதுப் புத்தகத்துடன் இருக்கிறார், ஜிபேயும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்