கலைஞர்கள் வர வேண்டாம், ஒலிக்கோப்பு வந்தால் போதும்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டுக் கலைஞர்களை வரவழைத்துக் கலைவிழா நடத்துவது பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். நோக்கம் சரி, ஆனால் பண்பாட்டுப் பரிமாற்றம் என்றாலே விமான டிக்கெட், மேடை, பொன்னாடை என்று நினைப்பது பழைய கணக்கு. இந்திய இசையையும் ஜாஸையும் இணைக்கும் ‘சக்தி’ குழுவின், 2024-இல் கிராமி விருது பெற்ற ஆல்பத்தைப் பாருங்கள். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் ஐரோப்பாவில், தபலா மேதை ஜாகிர் உசேன் அமெரிக்காவில், கஞ்சிரா வாசிக்கும் செல்வகணேஷ் சென்னையில் இருந்தார்கள். ஒலிக்கோப்புகளை மாற்றி மாற்றி அனுப்பியே பெரும்பகுதியை உருவாக்கினார்கள். (மெக்லாஃப்லினும் ஜாகிர் உசேனும் 1970களிலேயே சேர்ந்து மேடையேறியவர்கள் என்பது கைகொடுத்திருக்கும்.)

ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி நேரலையில் சேர்ந்து வாசிப்பது மட்டும் சரிப்படாது. டொராண்டோவில் உள்ள மாணவர் ஒருவருக்கு இணையம் வழியே மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். இருவரும் சேர்ந்து ஆதி தாளம் போட்டால், இணையத்தில் ஒலி வந்துசேரத் தாமதமாவதால் அவர் தட்டு எனக்குத் தள்ளித்தான் கேட்கும். அப்புறம் நான் பதிவு செய்து அனுப்ப, அவர் அதன்மேல் வாசித்துத் திருப்பி அனுப்பினார். காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) கச்சிதமாக உட்கார்ந்தது. இதற்கு நல்ல மைக்கும், சத்தம் புகாத அறையும் வேண்டும். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் அந்த வசதி கிடையாது. விழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, இப்பள்ளிகளில் ஒலிப்பதிவு அறை அமைத்து, ஒவ்வொன்றையும் ஒரு வெளிநாட்டு இசைக் கல்லூரியோடு இணைத்துவிடலாம். அரசு முதலில் இரண்டு மாவட்டங்களில் செய்து பார்க்கட்டும்.

– மிருதங்க ஆசிரியர், கும்பகோணம்