பொம்மை வாளுக்கு விளக்கு வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் இணைப்பில் பொம்மை வாளை எல்இடி வைத்து ஒளிர வைப்பது பற்றி வந்த செய்முறையைப் படித்தேன். பிள்ளைகளைக் கைவேலைப் பக்கம் இழுப்பது நல்ல காரியம்தான். நான் பல காலம் ரேடியோ பழுது பார்த்தவன். இப்போது பிள்ளைகளின் நாடகங்களுக்கு வாள், மந்திரக்கோல், கிரீடம் எல்லாவற்றுக்கும் விளக்கு வைத்துக் கொடுக்கிறேன். உங்கள் படத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிவப்பு எல்இடியை 9 வோல்ட் பேட்டரியில் நேராக மாட்டியிருக்கிறீர்கள். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரைக் காணோம். பழைய இழை பல்பு சூடேறச் சூடேறத் தன் தடையைக் கூட்டிக்கொள்ளும். எல்இடிக்கு அந்தச் சுபாவம் கிடையாது. வோல்ட் கொஞ்சம் கூடினாலே மின்சாரம் பல மடங்கு பாய்ந்து கருகிவிடும். சிவப்புக்கு வேண்டியது சுமார் 2 வோல்ட்; மீதி 7 வோல்ட்டை ரெசிஸ்டர்தான் தாங்க வேண்டும். எல்இடியில் பாய வேண்டிய மின்சாரம் 0.015 ஆம்பியர்; 7-ஐ அதால் வகுத்தால் 467 ஓம் (தடையின் அலகு) வரும். கிடைப்பது 470 ஓம்: மஞ்சள், கத்தரிப்பூ நிறம், பழுப்பு என்று பட்டை போட்டிருக்கும். வெறும் வகுத்தல் கணக்கு. சிறுவர் இணைப்பில் இதைவிடப் பொருத்தமாக என்ன போட்டுவிட முடியும்?

‘3 வோல்ட் பட்டன் பேட்டரியில் ரெசிஸ்டர் இல்லாமலே எரிகிறதே’ என்று சிலர் கேட்பார்கள். எரியும். அந்தச் சின்ன பேட்டரிக்கு உள்தடை அதிகம், நிறைய மின்சாரம் தர அதற்குத் தெம்பு இல்லை. எல்இடி பிழைத்துக்கொள்வது அதனால்தான். அதே பேட்டரியில் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து முறுக்கிப் பாருங்கள், சிவப்பு மட்டும்தான் ஒழுங்காக எரியும். வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும். சிவப்போ 2 வோல்ட்டிலேயே மின்சாரத்தை இழுத்து வோல்ட்டை இறக்கிவிடும். நல்ல வெள்ளை எல்இடியைக் கெட்டுப்போனது என்று குப்பையில் போடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, எல்இடி கருகினால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அதே செய்முறையில் கிரீடத்துக்கும் விளக்கு வைக்கப் பட்டன் பேட்டரியை டேப்பால் ஒட்டச் சொல்லியிருப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. டேப் வியர்வையில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், கீழே விழுந்தது நேரே வாய்க்குப் போகும். 20 மி.மீ. அகலமுள்ள அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் ஓடி, நெகட்டிவ் முனைப் பக்கம் கடுமையான காரப்பொருள் உண்டாகும். இரண்டு மணி நேரத்திலேயே சதை வெந்துபோகலாம். தீர்ந்துவிட்டது என்று நாம் ஒதுக்கிய பேட்டரியிலும் அதற்குப் போதுமான மிச்சம் இருக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

விற்பனைக்கு வரும் பொம்மைகளில் பட்டன் பேட்டரியின் மூடியை ஸ்க்ரூ போட்டு இறுக்குவது இதற்காகத்தான். வீட்டில் செய்கிற பொம்மைக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு? நான் பட்டன் பேட்டரி பக்கமே போவதில்லை. ஸ்விட்சும் ஸ்க்ரூ மூடியும் உள்ள பெட்டியில் மூன்று டபுள் ஏ பேட்டரி போட்டால் 4.5 வோல்ட். வெள்ளை எல்இடி ஒவ்வொன்றுக்கும் 100 ஓம், சிவப்புக்கு 180 ஓம் போதும். கைப்பிடி கொஞ்சம் கனக்கும். வாள் சுழற்றுகிறவர்களுக்கு அந்தக் கனம் பிடித்தே இருக்கிறது. கிரீடமென்றால் பெட்டியை இடுப்பில் செருகி ஒயரை முதுகு வழியாக ஏற்றிவிடுவேன்.

அப்புறம், எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு நல்லது என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. எல்இடியின் மூக்கை உப்புத்தாளால் தேய்த்து, வாளுக்குள் ட்ரேசிங் பேப்பரைச் சுருட்டி வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் வாள் முழுக்க ஒளி பரவும், எதிரே நிற்கிற பிள்ளைக்கும் கண் கூசாது. சிமிட்ட வைப்பதென்றால் நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். வேகமான சிமிட்டல் சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

அடுத்த பகுதியில் வாளுக்கு ஒலி சேர்க்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் திருத்திய படத்தை ரெசிஸ்டரோடும் ஸ்க்ரூ மூடிப் பெட்டியோடும், முதல் படம் வந்த அதே அளவில் வெளியிடுங்கள். மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டால், பழைய படத்தைக் கத்தரித்து வைத்திருக்கிற பிள்ளைகள் கண்ணில் அது படாது.

இப்படிக்கு,
நாடகப் பொருட்களுக்கு விளக்கு வைக்கும் பழைய ரேடியோ மெக்கானிக்