புதிய கணினி வேண்டாம், மகளே

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

வீட்டில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் சிறு கணினியான ராஸ்பெரி பை தளர்ந்துவிட்டது, புதியதொன்றை அனுப்பிவைக்கிறேன் என்று சென்ற கிழமை தொலைபேசியில் சொன்னாய். அனுப்ப வேண்டாம். கணினியில் பிழையில்லை என்பதை அளந்து பார்த்து உறுதிசெய்துவிட்டேன். எப்படியென்று எழுதாவிட்டால் நீ நம்பமாட்டாய்.

அண்ணாவின் கலியாணக் காணொளிகள் 40 கிகாபைற். மடிக்கணினியிலிருந்து பைக்குப் போய்ச்சேர அவற்றுக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. அம்மா இன்ரநெற்றை ஏசினா. வெளியிலிருந்து ரவுற்றருக்கு வரும் வயரைக் கழற்றிவிட்டு மறுபடியும் அனுப்பிக் காட்டினேன். அதே ஒரு மணித்தியாலம்.

இரணைமடுக் குளத்து வாய்க்கால்களில் அளவெடுத்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். கடைசி வயலுக்குத் தண்ணீர் போதவில்லையென்றால், குளத்துத் தண்ணீர் வெளிவரும் துருசடியில் தொடங்கி ஒவ்வொரு கிளையிலும் அளந்து, எவ்விடத்தில் குறைகிறது என்று பார்ப்போமேயன்றி, எடுத்த எடுப்பில் குளக்கட்டை உயர்த்தச் சொல்லமாட்டோம். இங்கும் அதையே செய்தேன். பையில் செருகியிருக்கும் சேமிப்பு வட்டைத் தொடாமல் வலையமைப்பை மட்டும் அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலை இரு கணினிகளிலும் ஓட்டியபோது, வினாடிக்கு 94 மெகாபிற் என்று வந்தது; பத்துத் தடவை ஓட்டியும் அந்த எண் அசையவில்லை. அதைக் கண்டதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. 100 மெகாபிற் இணைப்பொன்றில், தரவுப் பொதிகளின் தலைப்புகளுக்கு, அதாவது முகவரி போன்ற விபரங்களுக்கு, போக மிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். உன்னுடைய பை 2019 இல் வந்த நான்காம் மாதிரி; அது கிகாபிற் வேகத்தில் பேச வேண்டியது. (பழைய 3பி மாதிரியாக இருந்திருந்தால் 100 தான் அதன் எல்லை, உன் சந்தேகமும் நியாயமாயிருக்கும்.) இணைப்பின் வேகத்தைக் காட்டும் எத்டூல் கட்டளையைக் கேட்டால் அதுவும் 100 என்றே சொன்னது.

100 மெகாபிற்றுக்கு, பைக்குப் போகும் கேபிளின் எட்டு வயர்களில் நான்கு போதும். கிகாபிற்றுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒரு சோடி அறுந்தாலும் இணைப்பு நின்றுவிடாமல் சத்தமின்றிக் கீழிறங்கிவிடுவதால்தான் இத்தனை மாதமாக ஒருவருக்கும் தெரியவில்லை. ஏணி வைத்துக் கூரைக்குள் பார்த்தேன். கைமரத்தருகே அணில் கடித்து, மண்ணிறச் சோடி அறுந்து கிடந்தது. அவ்விடத்தை வெட்டியெறிந்து, மிஞ்சிய நீளத்துக்குப் புதுத் தலை அடித்துச் செருகியதும் ஐபெர்ஃப்3 940 மெகாபிற் காட்டியது.

அத்துடன் முடியவில்லை. வலையமைப்பு சரியான பின்பும் கோப்புகள் வினாடிக்கு 35 மெகாபைற்றுக்கு (ஒரு பைற் எட்டுப் பிற்) மேல் ஏறவில்லை. இது என்னுடைய பிழை: தூசு தட்டியபோது வட்டைக் கழற்றிய நான், திரும்ப அதைக் கறுப்புத் துளையில், அதாவது யூஎஸ்பி 2 இல், செருகியிருக்கிறேன். நீலத் துளைக்கு மாற்றியதும் 100 மெகாபைற்றைத் தொட்டது. காணொளிகள் ஏழு நிமிடத்தில் போய்ச்சேர்ந்தன. மின்னழுத்தம் குறைகிறதா என்றும் பார்த்தேன், குறையவில்லை.

நீ லீவில் வந்து வைஃபையில் சோதித்துவிட்டு மறுபடியும் மெதுவென்று சொல்லாதே. யூஎஸ்பி 3 வட்டும் அதன் வயரும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பக்கூடியவை. பைக்கு அருகில் இருக்கும்போது 5 கிகாஹேர்ட்ஸில் இணைத்துக்கொள்.

கூரைக்குள் போகும் கேபிள் முழுவதையும் இனிப் பிவிசி குழாய்க்குள் இறக்க வேண்டும், குழாய் வாங்கிவிட்டேன். வரும்போது தலை அடிக்கும் குறடு ஒன்று கொண்டுவா. கடைக்காரத் தம்பியிடம் இரவல் வாங்கியதை நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா